குழுவழிக் கற்றலில் மாணவர் தளரும் இடங்கள்

"பாடமே நடத்தாம எங்களயே படிச்சிட்டு வரச் சொன்னா, பொறவு கிளாஸ் எதுக்கு சார்?"

குழுவழிக் கற்றல் தொடங்கிய எந்த வகுப்பிலும் மூன்றாவது அமர்வுக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்மசி, சித்த மருத்துவம் என்று படிப்பு எதுவானாலும் கேள்வி மாறாது. கேட்பவர் சோம்பேறி என்று ஆசிரியர்கள் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் முதலில் கேட்பவர் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற மாணவர்தான். பன்னிரண்டாம் வகுப்பிலும் நீட் பயிற்சியிலும் அவர் பழகியது வேறு முறை. யாரோ நடத்துவார்கள், இவர் குறிப்பெடுப்பார், தனியாகப் படிப்பார், தனியாக எழுதுவார். அந்த முறையில் ஜெயித்துத்தான் இங்கே வந்திருக்கிறார். திடீரென்று அதை மாற்றச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

அந்தக் கோபம் எங்கே போய் முடியும் என்பது மாணவரின் குணத்தைப் பொறுத்தது என்பது பொதுவான எண்ணம். விடாமுயற்சி உள்ளவர் தாக்குப்பிடிப்பார், இல்லாதவர் ஒதுங்குவார் என்பார்கள். இந்த வகுப்புகளோடு பழகியவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். வாசிக்கக் கொடுத்த பக்கங்களின் எண்ணிக்கை, வினாத்தாளின் தரம், உட்காரும் வரிசை, மதிப்பெண்ணைப் பங்கிட்ட விதம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு மாணவரின் விடாமுயற்சியைக் காப்பாற்றுகின்றன, அல்லது முறிக்கின்றன. கீழே வருவதெல்லாம் அந்தச் சின்னச் சின்ன விஷயங்களைப் பற்றித்தான்.

முறை தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் மேலாண்மைப் பேராசிரியராக இருந்த லாரி மைக்கேல்சன், வகுப்பில் மாணவர் எண்ணிக்கை பெருகிப்போன 1970-களின் இறுதியில் இதை உருவாக்கினார். 2000-க்குப் பிறகு மருத்துவக் கல்லூரிகள் எடுத்துக்கொண்டன. மாணவர் வீட்டில் வாசித்துவிட்டு வருவார். வந்ததும் தனியாக ஒரு சிறு தேர்வு. கல்லூரிகளில் இதை ஐராட் என்பார்கள். அதே வினாத்தாளைக் குழுவாக மறுபடி எழுதுவது டீராட். அதன்பின் தங்கள் விடையை ஏற்கச் சொல்லிக் குழு எழுதித் தரும் மேல்முறையீடு, ஆசிரியரின் குட்டி விளக்கம், கடைசியாக ஒரு நோயாளியின் நிலையை வைத்துக் குழுவாக முடிவெடுக்கும் பயிற்சி. பருவ முடிவில் சகமாணவர் மதிப்பீடு. ஒரு குழுவுக்கு ஐந்து முதல் ஏழு பேர். குழு பருவம் முழுக்க மாறாது.

நம் திருநெல்வேலிப் பக்கத்துக்கு இது பொருந்துவதற்கு ஒரு காரணம் எண்ணிக்கை. பிரச்சினைவழிக் கற்றல் என்ற பழைய முறைக்கு எட்டுப் பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். 250 பேர் உள்ள வகுப்புக்கு அத்தனை ஆசிரியரை எங்கே தேடுவது? குழுவழிக் கற்றலில் 42 குழுக்களை ஒரே அரங்கில் ஓர் ஆசிரியரும் இரண்டு மூன்று உதவியாளர்களும் நடத்திவிடலாம். இன்னொரு காரணம் சட்டம். 2019-ல் வந்த எம்.பி.பி.எஸ். விதிமுறைகள் விரிவுரைக்கு மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் கூடாது என்றன. மீதி நேரத்தை எதைக் கொண்டாவது நிரப்பியாக வேண்டும்.

வாசிப்புப் பொட்டலம்

முதல் தளர்ச்சி இங்கேதான். ஆசிரியர் ஆர்வத்தில் 40 பக்க அத்தியாயத்தை அப்படியே அனுப்பிவிடுவார். மாணவர் முந்தின இரவு பத்து மணிக்குத் திறந்து பார்ப்பார், நீளத்தைக் கண்டதும் மூடிவிடுவார். ஓர் அமர்வுக்கு 8 முதல் 12 பக்கம் போதும். நிதானமாகப் படிக்கிறவருக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடியவேண்டும். குறைந்தது ஐந்து நாள் முன்னால் கையில் கிடைக்கவேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் தினமும் பஸ்ஸில் வந்துபோகிற மாணவருக்கு வார நாளில் ஒன்றரை மணி நேரம் சேர்ந்தாற்போலக் கிடைக்காது. இடையில் ஒரு ஞாயிறு இருந்தே ஆகவேண்டும்.

பொட்டலத்தின் முதல் பக்கத்தில் ஐந்தாறு வழிகாட்டிக் கேள்விகள் இருக்கட்டும். 'பாம்புக்கடி பற்றி அறிக' என்று எழுதுவதால் பயனில்லை. '20 நிமிட ரத்த உறைதல் சோதனையை எந்தக் குழாயில் செய்யவேண்டும், ஏன்?' என்று கேட்டால் கண் சரியான பத்தியில் போய் நிற்கும். அச்சடித்த பிரதி ஒரு குழுவுக்கு ஒன்றாவது கொடுப்பது நல்லது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையெங்கும் மின்சாரமும் நெட்டும் நின்றதை மறந்துவிடக்கூடாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அட்டவணை போடும்போது ஓர் அமர்வுக்கு மாற்று நாளையும் சேர்த்தே அறிவித்துவிடுங்கள். தள்ளிப்போன அமர்வு எப்போது என்று தெரியாமல் போனால் வாசிப்பும் நின்றுவிடும்.

மாணவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு பங்கு பிரிப்பது. "மொத நாலு பக்கத்த நீ பாரு மக்கா, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல வினா ஒரு பக்கத்துக்குள் அடங்காது. மூன்றாம் பக்கத்தில் உள்ள அறிகுறியையும் ஒன்பதாம் பக்கத்தில் உள்ள மருந்தளவையும் சேர்த்துக் கேட்கும். பங்கு பிரித்த குழுவில் ஐராட்டில் ஆறு பேரும் சேர்ந்து விழுவார்கள். டீராட்டிலும் ஒருவர் சொன்னதைச் சரிபார்க்க இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாரும் எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துவிட்டு, அதற்குமேல் ஆளுக்கொரு பகுதியை ஆழமாகப் பார்ப்பதில் தவறில்லை.

உட்காருவது, பேசுவது

குழுவை ஆசிரியர்தான் அமைக்கவேண்டும். மாணவர் கையில் விட்டால் விடுதி அறை, சொந்த ஊர், சமூகம் என்ற வரிசையில்தான் சேருவார்கள். பள்ளியிலிருந்து பழகிவந்த பிரிவுகள் மருத்துவக் கல்லூரிக்குள்ளும் அப்படியே உட்கார்ந்துவிடும். இந்த மாவட்டத்தில் அதை நடக்கவிடுவது பெரிய பிழை. ஒரு தாளில் படித்த பயிற்றுமொழி, மாவட்டம், விடுதியா வீடா, வேறு படிப்பு ஏதும் முடித்தவரா என்று மட்டும் எழுதி வாங்குங்கள். பெண், ஆண் எண்ணிக்கையையும் பாருங்கள். வகைப்படுத்தி, வகுப்பின் கண்முன்னே ஒவ்வொரு வகையிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பிரியுங்கள். எந்த அளவுகோலில் பிரித்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னால் 'வேண்டியவங்களச் சேத்துக்கிட்டாங்க' என்ற பேச்சு வராது. நீட் மதிப்பெண்ணை அளவுகோலாக வைக்கவேண்டாம். ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் குழுவுக்குள் யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்பதை அந்த எண்ணே தீர்மானித்துவிடும்.

நம் கல்லூரி அரங்குகள் பெரும்பாலும் படிக்கட்டு வரிசை கொண்டவை. பெஞ்சை நகர்த்த முடியாது. ஆறு பேரை ஒரே வரிசையில் உட்காரவைத்தால் நடுவில் இருக்கும் நால்வர் மட்டும் பேசுவார்கள், ஓரத்து இருவர் போனைப் பார்ப்பார்கள். முன்வரிசையில் மூன்று பேர், அவர்களுக்கு நேர் பின்னே மூன்று பேர் என்று உட்காரவைத்து, முன்வரிசைக்காரர்களைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். குழுக்களுக்கு இடையில் ஒரு இருக்கை இடம்விட்டால் பக்கத்துக் குழுவின் பேச்சு இடிக்காது. குழு எண்ணை அட்டையில் எழுதி நிறுத்திவிட்டால் உதவியாளர்கள் தேடி அலையவேண்டியதில்லை.

பத்து வினாக்கள் என்றால் ஐராட்டுக்கு 12 நிமிடம், டீராட்டுக்கு 20 நிமிடம் வையுங்கள். டீராட்டில் ஒவ்வொரு விடைக்கும் சரியா தவறா என்பது உடனே தெரியவேண்டும். இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதற்கென்று சுரண்டல் அட்டை உண்டு. சுரண்டினால் சரியான கட்டத்தில் நட்சத்திரம் தெரியும். முதல் சுரண்டலில் சரியானால் 4, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1, அப்புறம் 0. வெளிநாட்டு அட்டை வாங்கக் கட்டுப்படியாகாது. தடித்த அட்டையில் நட்சத்திரத்தை அச்சடித்து, மேலே வெள்ளிநிறச் சுரண்டல் ஸ்டிக்கர் ஒட்டி நாமே செய்துகொள்ளலாம். தாள் மெல்லிசாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே நட்சத்திரம் தெரிந்துவிடும். அட்டையின் கனத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம். கூகுள் படிவத்தில் தவறான விடைக்கு அதே கேள்வி திரும்ப வருமாறும் அமைக்கலாம். ஆனால் அடித்தள அரங்குகளில் சிக்னல் போய்விடும். ஒரு குழுவுக்குப் படிவம் சுற்றிக்கொண்டே நின்றாலும் மொத்த அரங்கும் காத்திருக்கவேண்டிவரும்.

உடனடி விடை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு காரணம். குழுவில் சத்தமாகப் பேசுகிறவர் 'சி'தான் என்று அடித்துச் சொல்வார். எல்லாரும் தலையாட்டுவார்கள். சுரண்டினால் வெறும் கட்டம். அப்போதுதான் ஓரத்தில் இருந்த பெண், "எனக்கு அப்பமே 'பி'ன்னு தெரியும்ட்டி" என்பார். தோழிகள் ஆறு பேருக்குள் இது ஒருமுறை நடந்துவிட்டால் அடுத்த வினாவிலிருந்து அவரிடம் கேட்காமல் சுரண்டமாட்டார்கள். விடையை அடுத்த நாள் பலகையில் ஒட்டினால் இது நடக்கவே நடக்காது.

மொழி பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லவேண்டும். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபின் தமிழ்வழியில் படித்தவர்கள் மருத்துவ வகுப்புகளில் கூடியிருக்கிறார்கள். ஐராட்டில் ஒன்பது எடுக்கிற அந்த மாணவர் டீராட்டில் வாயே திறக்காமல் இருப்பதைப் பார்க்கலாம். குழு ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்று ஓர் எழுதாத விதி அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிடவேண்டும்: வினா ஆங்கிலத்தில் இருக்கும், கலைச்சொல்லை அப்படியே சொல்லுங்கள், வாதம் தமிழில் நடக்கட்டும். சொன்னால் மட்டும் போதாது. ஆசிரியரே குழுவுக்குக் குழு நின்று தமிழில் கேள்வி கேட்கவேண்டும். நாளைக்கு வார்டில் நோயாளியிடம் பேசப்போவதும் இந்தத் தமிழில்தான்.

பாம்புக்கடிப் பயிற்சி

மாணவர் மனம் மாறும் இடம் கடைசிப் பகுதி. அதுவரை இது இன்னொரு தேர்வு என்றே தோன்றும். பயிற்சிக்கு நான்கு நிபந்தனைகள் உண்டு. பிரச்சினை முக்கியமானதாக இருக்கவேண்டும். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே பிரச்சினை. விடை ஒரு குறிப்பிட்ட தேர்வாக இருக்கவேண்டும். எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் விடையைத் தூக்கிக் காட்டவேண்டும். இந்த வயல்நாட்டுக்குப் பொருத்தமான ஓர் உதாரணம்:

பிசானம் என்கிற குளிர்கால நெல் சாகுபடிக் காலம். சேரன்மகாதேவி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 45 வயது விவசாயியைக் கொண்டுவருகிறார்கள். வயலில் களை பறித்துவிட்டு இருட்டில் வரப்பில் வரும்போது பாதத்தில் கடி, 40 நிமிடம் ஆகிறது. பாதம் வீங்கியிருக்கிறது, ஈறில் ரத்தம் கசிகிறது. ரத்த அழுத்தம் 110/70. சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்த 2 மி.லி. ரத்தம் 20 நிமிடம் கழித்தும் உறையவில்லை. நிலையத்தில் 12 குப்பி விஷமுறிவு மருந்து இருக்கிறது. 108 வாசலில் நிற்கிறது. அடுத்து என்ன செய்வீர்கள்? (அ) உடனே திருநெல்வேலி ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவோம். (ஆ) தோலில் சிறிதளவு போட்டு ஒவ்வாமை பார்த்துவிட்டு மருந்து தொடங்குவோம். (இ) ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு இங்கேயே 10 குப்பி தொடங்குவோம். (ஈ) ரத்த உறைதல் சோதனையை இன்னொருமுறை செய்து உறுதிப்படுத்துவோம்.

நான்கு நிற அட்டைகளை ஒரே எண்ணிக்கையில் தூக்கச் சொல்லுங்கள். அரங்கில் (அ) நிறையத் தெரியும். பெரியாஸ்பத்திரி இருக்கும்போது நாம் ஏன் கைவைக்கவேண்டும் என்ற அச்சம் அது. (ஆ) எடுத்தவர்கள் கவனமானவர்கள். ஆனால் தோல் சோதனை ஒவ்வாமையை முன்கூட்டிச் சொல்லாது, தேசிய சிகிச்சை வழிகாட்டி அதைச் செய்யவேண்டாம் என்கிறது. சரியான விடை (இ). உடல்முழுக்க விஷம் ஏறிய அடையாளம் இருக்கும்போது தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் சிறுநீரகத்துக்கு ஆபத்து. கண்ணாடி விரியனாக இருந்தால் இன்னும் கூடுதல். மருந்தைத் தொடங்கியபின் அனுப்பலாம். ஆறு மணி நேரம் கழித்து உறைதல் சோதனையை மறுபடி செய்யவேண்டும்.

விவாதம் முடிந்ததும் இரண்டாவது அட்டையைக் கொடுங்கள். அதே நோயாளி, ஈறில் கசிவு இல்லை, வீக்கமும் லேசுதான். சோதனையை ஒரு பிளாஸ்டிக் குழாயில் செய்திருக்கிறார்கள். இப்போது? பிளாஸ்டிக்கிலும், சோப்புப் பொடி போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கக்கூடும். ஆகவே இப்போது (ஈ)தான் சரி: நல்ல குழாயில் மறுபடி செய்யவேண்டும். முதல் சுற்றில் (ஈ) சொல்லித் தோற்ற குழு இங்கே நிமிர்ந்து உட்காரும். ஒரு வரி மாறினால் முடிவு மாறும் என்பதை விரிவுரையில் எத்தனை தடவை சொன்னாலும் இப்படி உறைக்காது.

பயிற்சி கெட்டுப்போவதற்கு இரண்டு காரணங்கள்தான் அடிக்கடி. ஒன்று, எல்லாரும் ஒரே அட்டையைத் தூக்குகிற அளவுக்கு எளிது. அப்போது பேச எதுவும் இருக்காது. இரண்டு, விடையைக் கட்டுரையாக எழுதச் சொல்வது. எழுதச் சொன்னால் குழுவில் ஒருவர் எழுதுவார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார். ஆசிரியர் விடையை முந்திக்கொண்டு சொல்லிவிடுவதும் உண்டு. அட்டை தூக்கியபின் முதலில் பேசவேண்டியது சிறுபான்மை விடை சொன்ன குழு. பெரும்பான்மையைப் பேசவிட்டால் மற்றவர்கள் அட்டையை மெதுவாகக் கீழே இறக்கிவிடுவார்கள்.

பத்துக்கு மூன்று எடுத்தவர்

ஐராட்டில் தொடர்ந்து மூன்று, நான்கு எடுக்கிற மாணவர்தான் முதலில் வராமல் நிற்பவர். வழக்கமான தேர்வில் தோற்றால் அது அவருக்கு மட்டும் தெரியும். இங்கே பத்து நிமிடத்தில் ஐந்து பேருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆசிரியர் முதலில் வினாத்தாளைச் சந்தேகிக்கவேண்டும். வகுப்பின் ஐராட் சராசரி பாதிக்குக் கீழே போனால் வாசிப்பு நீளம், அல்லது அடிக்குறிப்பைத் தோண்டிக் கேட்ட வினாக்கள். 65 முதல் 75 சதவீதம் வரை வந்தால் தாள் சரியாக இருக்கிறது. முதல் இரண்டு அமர்வுகளை மதிப்பெண் இல்லாத ஒத்திகையாக வைப்பது மிகவும் நல்லது.

மாணவருக்குச் சொல்லக்கூடியது இது. முதல் நாள் 20 நிமிடம் தலைப்புகள், படங்கள், அட்டவணைகளை மட்டும் பாருங்கள். வழிகாட்டிக் கேள்விகளைப் படியுங்கள். மறுநாள் முழுதாக வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு ஐந்து கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். சொல்லமுடியாத இடத்தை மட்டும் திரும்பத் திறங்கள். மஞ்சள் மார்க்கரால் முக்கால் பக்கத்தைப் பூசுவதில் பயன் குறைவு. முந்தின இரவு குழுவில் ஒருவரோடு பத்து நிமிடம் போனில் பேசி, ஆளுக்கு இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அமர்வு முடிந்த அன்றே, தவறவிட்ட வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் 'வாசிக்கவில்லை', 'வாசித்தும் புரியவில்லை', 'புரிந்தும் வினாவைத் தவறாகப் படித்தேன்' என்று மூன்றில் ஒன்றைக் குறித்துவையுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. மூன்றாவது வகை அதிகமாக இருந்தால் இன்னும் பல மணி நேரம் படித்துப் பலன் இல்லை. வினாவில் 'தவிர', 'முதலில்' போன்ற சொற்களை அடிக்கோடிடப் பழகினால் போதும்.

மேல்முறையீட்டை மாணவர்கள் பயன்படுத்துவதே இல்லை. டீராட்டில் மதிப்பெண் இழந்த குழு, புத்தகத்தைத் திறந்து, பக்க எண்ணோடு, தங்கள் விடை ஏன் ஏற்கத்தக்கது என்று எழுதிக் கொடுக்கலாம். வினா குழப்பமாக இருந்தால் திருத்தி எழுதிக் கொடுக்கவேண்டும். ஏற்றுக்கொண்டால் எழுதிக் கொடுத்த குழுவுக்கு மட்டுமே மதிப்பெண். தோற்ற வினாவுக்காகத் திரும்பப் புத்தகத்தைத் திறக்கவைக்கும் வேறு ஏற்பாடு நம் கல்வியில் இல்லை. விடாமுயற்சி என்பதைக் கண்ணால் பார்க்கவேண்டுமானால் அந்தப் பத்து நிமிடத்தில் பார்க்கலாம். ஆசிரியர் மேல்முறையீட்டைத் தன் மேல் வந்த புகாராக எடுத்துக்கொண்டால் அடுத்த தடவை எந்தக் குழுவும் எழுதாது.

ஆய்வுகள் சொல்வதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். 1989-ல் மைக்கேல்சனும் உடன் இருந்தவர்களும் 222 குழுக்களைப் பார்த்தபோது 97 சதவீதக் குழுக்கள் தங்களுக்குள் மிகச் சிறந்தவரின் தனி மதிப்பெண்ணைத் தாண்டியிருந்தன. 'நான் தனியாவே எழுதிக்கிடுவேன்' என்கிற முதல் வரிசை மாணவருக்கு இந்த எண்ணைக் காட்டவேண்டும். அமெரிக்காவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களைப் பற்றி 2010-ல் வந்த ஆய்வில், குழுவழிக் கற்ற பாடங்களின் வினாக்களில் மாணவர்கள் கூடுதலாக எடுத்தார்கள். அந்தக் கூடுதல் மேல் கால்பகுதியினருக்கு 3.8 சதவீதம், அடிக் கால்பகுதியினருக்கு 7.9 சதவீதம். பின்தங்கியவருக்குத்தான் பலன் அதிகம் என்பது இந்த முறையைக் கைவிட நினைக்கும் ஆசிரியர் யோசிக்கவேண்டிய செய்தி. மூன்றாவது, அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த் 2007-ல் கொண்டுவந்த விடாமுயற்சி அளவுகோல். அதில் இரண்டு பாகங்கள்: ஆர்வம் மாறாதிருப்பது, முயற்சி தளராதிருப்பது. 2017-ல் 88 மாதிரிகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில், தேர்ச்சியோடு கூடுதல் தொடர்பு கொண்டிருந்தது முயற்சிப் பாகம்தான். மனவுறுதித் தேர்வு வைத்து மாணவரை வடிகட்டுவதற்கு இந்த அளவுகோல் உதவாது. யாருக்குக் கை கொடுக்கவேண்டும் என்று அறிய ஓரளவு உதவும். எட்டு வினாக்கள் கொண்ட சிறு வடிவத்தில் நான்கு தலைகீழாக மதிப்பெண் போடவேண்டியவை. அதை மறந்து கூட்டிவிட்டு முடிவு சொன்னவர்கள் உண்டு.

சகமாணவர் மதிப்பீடு

இங்கே நம் வழக்கம் குறுக்கே நிற்கும். ஆறு பேர் குழுவில் ஒவ்வொருவரும் மற்ற ஐவருக்கு மொத்தம் 50 மதிப்பெண் பகிரவேண்டும், குறைந்தது ஒருவருக்கு 11-க்குக் குறையாமலும் ஒருவருக்கு 9-க்கு மிகாமலும் தரவேண்டும் என்பது மைக்கேல்சன் முறை. கட்டாயம் இல்லாவிட்டால் எல்லாரும் எல்லாருக்கும் பத்துப் போட்டுவிடுவார்கள். கட்டாயம் இருந்தால், 'நீயால என்னயக் குறைச்சது?' என்று விடுதியில் சண்டை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி நன்றாக வேலை செய்கிறது. பருவத்தின் நடுவில் மதிப்பெண் இல்லாமல் இரண்டு வாக்கியம் மட்டும்: இவர் குழுவுக்குச் செய்கிற ஓர் உதவி, இவர் மாற்றிக்கொண்டால் நன்றாயிருக்கும் ஒன்று. பெயரில்லாமல் ஆசிரியர் தொகுத்துக் கொடுப்பார். பருவ இறுதியில்தான் மதிப்பெண்.

'நல்ல பையன்', 'இன்னும் நல்லாப் படிக்கணும்' என்பதெல்லாம் யாருக்கும் உதவாது. 'விடை சொல்லும்போது காரணத்தையும் சொல்கிறார், அதனால் எனக்கு மறப்பதில்லை' என்பது உதவும். 'நான் பேசும்போது இடையில் அட்டையைச் சுரண்டிவிடுகிறார்' என்பதும் உதவும். முதல் அமர்விலேயே இப்படி இரண்டு நல்ல மாதிரி, இரண்டு மோசமான மாதிரியைக் காட்டிவிடுங்கள்.

மொத்த மதிப்பெண்ணில் தனித்தேர்வு, குழுத்தேர்வு, சகமாணவர் மதிப்பீடு ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் என்பதை, ஆசிரியர் போட்ட எல்லைக்குள், குழுக்களே பேசி முடிவுசெய்யலாம். தனித்தேர்வுக்குப் பாதியும் குழுத்தேர்வுக்கு முப்பதும் மதிப்பீட்டுக்கு இருபதும் என்ற அளவில் பெரும்பாலும் வந்து நிற்கும். தனித்தேர்வின் பங்கைப் பூஜ்யமாக்கினால் ஓசிச் சவாரி தொடங்கிவிடும்.

கருத்துக் கேட்கும் நேரம்

மாணவர் மனப்பாங்கை அறிய, அமெரிக்க நர்சிங் பேராசிரியர் ஹைடி மென்னெங்கா நர்சிங் மாணவர்களுக்காக 2012-ல் வெளியிட்ட 33 வினாக் கருவி பரவலாகப் பயன்படுகிறது. பொறுப்புணர்வு, விரிவுரையா குழுவா என்ற விருப்பம், திருப்தி என்று மூன்று பாகங்கள். இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். திருப்தி குறைவாகவும் பொறுப்புணர்வு அதிகமாகவும் வந்தால் வகுப்பு நன்றாகவே நடக்கிறது என்று பொருள். 2019-ல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில், தாங்களே முயன்று கற்ற மாணவர் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள் என்று காட்டினார்கள். சிரமப்படுவதை மனம் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே மூன்றாவது அமர்வில் கருத்துக் கேட்டு, வந்த கோபத்தைப் பார்த்துத் திட்டத்தையே நிறுத்துவது அவசரம். முதல் நாள் ஒருமுறை, ஆறேழு அமர்வுக்குப் பின் ஒருமுறை, பருவ முடிவில் ஒருமுறை கேளுங்கள். முதல் கோபத்தில் வந்த புகார்களில் நடைமுறைப் புகார்களை மட்டும் (நேரம் போதவில்லை, வினா குழப்பம், மைக் கேட்கவில்லை) மறுவாரமே சரிசெய்து, சரிசெய்ததை வகுப்பில் அறிவியுங்கள்.

எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்மசி மாணவர்களைக் கலந்து ஒரே குழுவில் உட்காரவைக்க இந்த முறை மிகவும் ஏற்றது. ஆனால் நர்சிங் மாணவியர் வாய்மூடிவிடும் ஆபத்து அதிகம். அதற்கு ஒரே வழி, முதல் வினாவே அவர்கள் கையில் இருக்கவேண்டும். மேலே சொன்ன விவசாயிக்கே திரும்புவோம். 10 குப்பி, குப்பிக்கு 10 மி.லி. கரைசல், 200 மி.லி. சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றவேண்டும். மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மருத்துவ மாணவர் அவசரமாக 200-ஐ மட்டும் எடுத்து 67 என்பார். நர்சிங் மாணவி மருந்தின் 100 மி.லி.யையும் சேர்த்து 300 என்று எடுத்து 100 சொட்டு என்பார். அடுத்த வினா பார்மசி மாணவருக்கு: பொடியாக வரும் மருந்துக்குப் பத்துக் குப்பியையும் எப்படிக் கரைப்பது? குலுக்கினால் நுரைக்கும், மெதுவாகச் சுழற்றவேண்டும், ஆகவே இரண்டு பேர் வேண்டும். திரவமாக வரும் வகையை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும், பொடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்த இரண்டு வினாக்கள் முடிந்தபின் 'யார் மருந்தைத் தொடங்கச் சொல்வது?' என்ற மூன்றாவது வினாவைக் கேளுங்கள். வரிசையை மாற்றி இதை முதலில் கேட்டால் மற்ற இரண்டு வினாக்களுக்கும் மருத்துவ மாணவரே பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.